பரிமாறியவர்கள்

பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் கிரீனவே 1989இல் எடுத்த 'தி குக், தி தீஃப், ஹிஸ் ஒய்ஃப் அண்ட் ஹெர் லவர்' (சமையல்காரன், திருடன், அவன் மனைவி, அவளுடைய காதலன்) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நேராகக் கடைசிக் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். மேசைக்கு வரும் அந்தத் தட்டு, அதில் கிடப்பது, அதை யார் யாரைத் தின்னச் சொல்கிறார்கள் என்பது. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அது ஒன்று தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் காட்சியில் அவ்வளவாகச் சிக்கல் இல்லை. பழிவாங்கும் கதைகளில் கடைசி விருந்து என்பது இரண்டாயிரம் வருடப் பழக்கம். என்னை விடாமல் நச்சரிப்பது அதற்கு முன்னால் ஓடும் ஒன்றரை மணி நேரம். அதைக் கிளப்பிவிட்டவள் என் மனைவி. அவளுக்கு இந்த மாதிரிப் படங்கள் ஆகாது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதியில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தடியன் மேசையில் ஒருத்தியை அறைவதையும், சமையலறைக்குள் புகுந்து சாமான்களை உருட்டுவதையும், மறுநாள் மாலை அதே மேசையில் அதே ஆட்கள் நாப்கினை விரித்து உட்காருவதையும் பார்த்தாள். "இந்தச் சமையல்காரர் எதுக்குங்க மறுநாளும் அடுப்பப் பத்த வெக்கிறாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இவ்வளவு நேராக இல்லை.

சிவப்பு அறை

கதையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, தலைப்பே முக்கால்வாசியைச் சொல்லிவிடுகிறது. 'லே ஹாலண்டே' என்கிற ஆடம்பரமான உணவகம். அதைத் தன் பிடியில் வைத்திருக்கும் ரவுடி ஆல்பர்ட் ஸ்பைக்கா, அவன் மனைவி ஜார்ஜினா, தனி மேசையில் புத்தகத்தோடு சாப்பிடும் மைக்கேல், இவர்கள் எல்லோருக்கும் சமைக்கும் ரிச்சர்டு. மைக்கேல் காம்பனும் ஹெலன் மிரனும் முதல் இருவர். பிற்காலத்தில் ஹாரி பாட்டர் படங்களில் நரைத்த தாடியோடு அன்பான தலைமையாசிரியராக வந்த அதே காம்பன்தான் இவன் என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஆல்பர்ட் அடிப்பதைவிட அவன் பேசுவதுதான் பெரிய வன்முறை. படம் தொடங்கியதிலிருந்து வாய் மூடுவதில்லை. சாப்பாட்டைப் பற்றி, பணத்தைப் பற்றி, மலத்தைப் பற்றி, மனைவியின் உடம்பைப் பற்றி. பிரெஞ்சு உணவுப் பெயர்களைத் தப்புத் தப்பாக உச்சரிப்பான், ஜார்ஜினா திருத்தினால் அவமானப்பட்டுச் சீறுவான். ரசனை உள்ளவன் என்று பெயர் வாங்க வேண்டும் என்கிற வெறி அவனுக்கு. மேசையைச் சுற்றி அவனுடைய கூட்டாளிகள், அவர்களில் ஒருவராக இளவயது டிம் ராத். அவன் சிரித்தால் சிரிப்பார்கள், முறைத்தால் தட்டைப் பார்ப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரை நிறைத்து ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1616இல் தீட்டிய, ஹார்லெம் நகரக் காவற்படை அதிகாரிகள் விருந்துண்ணும் ஓவியம் தொங்குகிறது. கீழே இருக்கும் ரவுடிகளும் ஓவியத்தில் இருப்பவர்களைப் போலவே தோளிலிருந்து பட்டை அணிந்திருக்கிறார்கள். ஓவியத்து அதிகாரிகளில் சிலர் சாப்பாட்டிலிருந்து முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார்கள். கிரீனவே ஓவியம் கற்றுவிட்டுத் திரைக்கு வந்தவர். அந்தப் படத்தை அலங்காரத்துக்காக அங்கே மாட்டியிருக்க மாட்டார். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் அவருக்குச் சுவரிலும் தேவைப்பட்டது.

வண்ணங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வெளியே வண்டி நிறுத்துமிடம் நீலம், சமையலறை பச்சை, சாப்பாட்டுக் கூடம் சிவப்பு, கழிப்பறை கண் கூசும் வெள்ளை. சிவப்பிலிருந்து வெள்ளைக்குள் ஜார்ஜினா கால் வைத்ததும் அவள் உடையின் நிறமும் மாறிவிடும். உடைகள் ஜான் பால் கோத்தியே செய்தவை. கேமரா சுவர்களை மதிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒளிப்பதிவு சாஷா வியர்னி, அலென் ரெனே எடுத்த 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாட்' படத்தின் மாளிகைத் தாழ்வாரங்களில் மிதந்த அதே கை. இவ்வளவு கொடுமையை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்பது படத்தின் மீது வைக்கப்படும் பழைய புகார். நான் அதைப் புகாராக எடுத்துக்கொள்வதில்லை. அழுக்கான சந்தில் ஒருவன் ஒருத்தியை அடித்தால் யாராவது சத்தம் போடுவார்கள். நல்ல வெளிச்சம், நல்ல ஒயின், வெல்வெட் திரை, பின்னால் இசை என்றால் எழுந்திருக்க மனம் வராது. அந்த அழகு நம்மை உட்கார வைக்கிறது, மேசையில் இருப்பவர்களை உட்கார வைத்திருப்பதைப் போலவே.

பந்தி

எங்கள் பக்கத்து உறவில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். பெரியப்பா முறை ஆகவேண்டிய ஒருவர், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மனைவியை ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்காக வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தார். அவள் பிறந்த வீடு, அவள் சமையல், பிள்ளை இல்லாதது என்று ஒவ்வொன்றாக. முப்பது பேராவது இருந்திருப்போம். எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். சாம்பார் வாளியோடு வந்த பையன் மட்டும் அவர்கள் முன்னால் ஒரு கணம் நின்றான். பிறகு அந்த அம்மா இலையில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

ரிச்சர்டு செய்வதும் அதுதான். ஆல்பர்ட் பணம் கொடுத்து மிரட்டி வாங்கிய நல்ல சாப்பாட்டை அவனுக்கு வைப்பான், ஆனால் நுட்பமான ஒன்றை ஜார்ஜினாவுக்கென்று தனியாகச் செய்து அனுப்புவான். அவளும் மைக்கேலும் முதலில் கழிப்பறையில், பிறகு சமையலறையின் பின்பக்கம் இறைச்சியும் காய்கறியும் தொங்கும் அறைகளில் சந்திக்கும்போது கதவைச் சாத்திக் காவல் காப்பான். தினமும் கொஞ்சம் கருணை, தினமும் அதே மேசைக்கு அதே தட்டுகள். பெரிய மௌனத்துக்கு அவன் கட்டிவரும் வாடகை அந்தச் சின்ன உபகாரங்கள். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது, படத்தில் இருப்பவர்களிலேயே கண்ணியமானவன் அவன்தான். அதனால்தான் என் மனைவியின் கேள்வி கூட்டாளிகளை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. அடியாட்களிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஊமைக் காதல்

ஜார்ஜினாவும் மைக்கேலும் முதல் சில சந்திப்புகளில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. பேச்சு முழுவதும் ஆல்பர்ட்டின் சொத்தாக இருக்கும் ஒரு கட்டடத்தில் மௌனம் மட்டுமே அவன் கை படாத பொருள். இதில் கிரீனவே ஒரு குறும்பு செய்கிறார். ஆல்பர்ட் மைக்கேலைத் தன் மேசைக்கு இழுத்துவந்து உட்கார வைத்து, இது என் மனைவி என்று அறிமுகம் செய்கிறான். பிற்பாடு காதலர்கள் தனியே பேசும்போது, அரை மணி நேரம் கதாநாயகன் பேசாமலே இருந்த ஒரு படத்தைப் பார்த்ததாக மைக்கேல் சொல்கிறான். என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஆவலோடு இருந்தானாம். பிறகு? அவன் பேசிக் கெடுத்துவிட்டான். பேசத் தொடங்கிவிட்டதால் தனக்கும் இனி அந்தக் கதிதானோ என்கிற பயம் அந்த வேடிக்கைக்குள் இருக்கிறது. பயந்தபடியே நடக்கிறது.

காட்டிக்கொடுப்பது கூட்டாளியோடு வந்த ஒரு பெண். செய்தி சொன்னதற்குக் கூலியாக ஆல்பர்ட் அவள் கன்னத்தில் முள்கரண்டியைக் குத்துகிறான். அந்த மனிதனைக் கண்டுபிடித்துக் கொன்று தின்பேன் என்று கத்திக்கொண்டு சமையலறையைப் புரட்டுகிறான். கோபத்தில் யாரும் சொல்வதுதான், அவன் கூட்டாளிகளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ரிச்சர்டு காதலர்களைக் குளிர் அறையில் ஒளித்து, பிறகு அழுகிய இறைச்சி ஏற்றிய வண்டியில் நிர்வாணமாக ஏற்றி அனுப்புகிறான். ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களைப் பற்றிய ஓவியங்கள் ஞாபகத்துக்கு வரும், புழுக்களும் நாற்றமும் மட்டும் கூடுதல். அவர்கள் போய்ச் சேரும் இடம் மைக்கேலின் புத்தகக் கிடங்கு. சில நாள் நிம்மதி. பிறகு, ஜார்ஜினா வெளியே போயிருக்கும் நேரத்தில், மைக்கேல் நேசித்த பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகத்தின் தாள்களையே கிழித்து அவன் தொண்டையில் திணித்துக் கொல்கிறார்கள். சத்தமில்லாமல் வாழ்ந்தவனுக்கு வாயை அடைத்தே சாவு.

சாட்சி கேட்பவள்

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இதற்கு அடுத்து வரும் பகுதியை. ஜார்ஜினா ரிச்சர்டிடம் வருகிறாள். மைக்கேலின் உடலைச் சமைத்துத் தரச் சொல்கிறாள். ஆனால் உடனே அதற்கு வருவதில்லை. அதற்கு முன் அவள் கேட்பது வேறு. நாங்கள் இருவரும் சேர்ந்திருந்ததை நீ பார்த்தாய் அல்லவா, என்ன பார்த்தாய், சொல்.

ரிச்சர்டு தயங்குகிறான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அவன் அவளை எங்கே முத்தமிட்டான், எப்படித் தொட்டான், அவள் என்ன செய்தாள். சொல்லும் குரலில் ஆபாசம் கொஞ்சமும் இல்லை. நீதிமன்றத்தில் ஒரு நல்ல சாட்சி பேசுவதைப் போலப் பேசுகிறான். காதலர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்களா என்று அவள் கேட்கிறாள். என் பெற்றோர் அப்படி இருந்தார்கள் என்கிறான். சினிமாவில் சில சமயம் அப்படி இருப்பார்கள் என்கிறான். அது கணக்கில் வராது என்கிறாள் அவள். வேறு யாரும் பார்க்காமல் போயிருந்தால் அவன் என்னை நேசித்ததற்கு என்ன அத்தாட்சி என்பதுதான் அவள் தவிப்பு. வருடக்கணக்காக அறைகளையும் அவமானங்களையும் வாங்கியவளுக்கு, நடந்தது ஒரு நல்ல காரியம் என்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. தன் உணர்வைத் தானே நம்ப முடியாத அளவுக்கு ஒருவன் ஒருத்தியை அடித்துப் பழக்கிவிட முடியும் என்பதை இதைவிட மென்மையாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரியாது.

அந்தக் காட்சிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ரிச்சர்டு அதுவரை தன்னை ஒதுங்கி நிற்பவனாக நினைத்துக்கொண்டிருந்தான். என் வேலை சமைப்பது, வந்தவர்களுக்கு வைப்பது. ஆனால் அவள் கேட்டதும் அவன் வாயிலிருந்து எல்லாம் வருகிறது, ஒன்றுகூட விடுபடவில்லை. காதலை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவன் மற்றதையும் அதே துல்லியத்தோடுதானே பார்த்திருப்பான்? ஒவ்வொரு அடியையும், ஒவ்வொரு முள்கரண்டியையும். அவள் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் காட்சி மலிந்துபோயிருக்கும். அத்தனையும் பார்த்திருக்கிறாய் என்பது வெளிப்பட்ட பிறகு, சமைக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு இடம் இல்லாமல் போகிறது. அவளே தின்னப்போகிறாள் என்று நினைத்துத்தான் முதலில் மறுக்கிறான். நான் இல்லை, ஆல்பர்ட் என்கிறாள்.

கறுப்பு நிற உணவுகளுக்குத் தான் ஏன் அதிக விலை வைக்கிறேன் என்று ரிச்சர்டு விளக்குவதும் இதே பேச்சில்தான் வரும். கறுப்புத் திராட்சை, ஆலிவ். மனிதர்களுக்குச் சாவை நினைவூட்டிக்கொள்ளப் பிடிக்கிறது, சாவைத் தின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளப் பிடிக்கிறது என்கிறான். விமர்சகர்கள் ரொம்பவும் மேற்கோள் காட்டும் வசனம். எனக்கு அது கொஞ்சம் அலங்காரமாகவே படுகிறது.

தெரிந்தே தின்பது

பழைய ரோமானிய எழுத்தாளர் செனகாவின் தையஸ்டீஸ் நாடகத்தில் அண்ணன் வைத்த விருந்தில் தம்பி தன் பிள்ளைகளையே தின்கிறான். ஷேக்ஸ்பியரின் டைட்டஸ் நாடகத்தில் ராணி டமோரா தன் மகன்களை வைத்துச் சுட்ட பலகாரத்தைச் சாப்பிடுகிறாள். இரண்டிலும் தின்பவருக்குத் தெரியாது. தின்று முடித்த பிறகு சொல்வதில்தான் பழிவாங்குபவருக்குச் சுவை. கிரீனவே இந்த மரபை நன்றாகத் தெரிந்தவர். ஜான் ஃபோர்டு 17ஆம் நூற்றாண்டில் எழுதிய பழிவாங்கும் நாடகத்தைத் தன் முன்மாதிரியாகச் சொன்னவர். அதில் விருந்துக்கு நடுவில் ஒருவன் தங்கையின் இதயத்தைக் கத்தி முனையில் குத்தி எடுத்துவருவான்.

ஆனால் இந்தப் படம் அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. ஆல்பர்ட்டுக்கு எதுவும் மறைக்கப்படவில்லை. துணியை விலக்கினால் மைக்கேல் முழு ஆளாகக் கிடக்கிறான், பொன்னிறமாக வறுபட்டு, காய்கறி அலங்காரத்தோடு. இது யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொன்று தின்பேன் என்றாயே, தின்னு. அதைவிட முக்கியமான மாற்றம், அந்தத் தட்டைத் தூக்கி வருபவர்கள். பழைய நாடகங்களில் பழிவாங்குபவர் தனி ஆள், அதிகம் போனால் ஒரு நம்பிக்கையான வேலைக்காரர் துணைக்கு. இங்கே ஒரு ஊர்வலமே வருகிறது. கன்னத்தில் முள்கரண்டி வாங்கிய பெண், படத்தின் முதல் காட்சியில் நாய்மலம் பூசப்பட்டு அவமானப்பட்டவன், சமையலறை ஆட்கள். இத்தனை நாளும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தவர்கள் இப்போது அதே தட்டைத் தோளில் தூக்கி வருகிறார்கள். கூத்தில் துகிலுரிதல் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். துச்சாதனன் செய்தது ஒரு பாவம், பீஷ்மரும் துரோணரும் ஆசனத்தைவிட்டு அசையாமல் இருந்தது வேறொரு பாவம். பாஞ்சாலியின் கேள்வி சபையைப் பார்த்துத்தான். ஜார்ஜினா அந்தச் சபையையே எழுப்பி நடக்க வைத்துவிடுகிறாள்.

அந்த ஊர்வலத்துக்கு ஒலிக்கும் மைக்கேல் நைமனின் இசை படத்துக்கென்று எழுதப்பட்டதில்லை. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி தொடங்கும் முன் சுவர் இடிந்து, நெரிசலில் 39 பேர் இறந்தார்கள். அவர்களின் நினைவாக அவர் அமைத்தது. ஹென்றி பர்செல் 'கிங் ஆர்தர்' இசை நாடகத்தில் பனி தேவதைக்கு எழுதிய பாடலை அடியாகக் கொண்டது, ஒரே நடை, நிற்காத நடை. அன்று அத்தனை பேர் இறந்த பிறகும் அந்தப் போட்டி நடந்தது, ஆயிரக்கணக்கானோர் இருந்து பார்த்தார்கள். கிரீனவேயோ நைமனோ இதை யோசித்தார்களா என்பது என் கவலை இல்லை. இறந்தவர்களை ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்த ஒரு மாலையின் இசை, கடைசியில் எழுந்து நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

தாட்சர் என்று சொல்லிவிட்டுப் போகலாமா?

படம் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆட்சியின் கடைசி வருடங்களில் வந்தது. பணம் மட்டுமே உள்ள ரவுடி எல்லாவற்றையும் வாங்குகிறான், தின்கிறான், கழிக்கிறான். படித்த மைக்கேல் ஒதுங்கி வாசிக்கிறான். சமையல்காரன் என்கிற தொழிலாளி எஜமானுக்கு உழைக்கிறான். அப்படி ஆளுக்கு ஒரு சீட்டு ஒட்டிவிடலாம். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் உட்படப் பலர் அந்தப் பாதையைச் சுட்டியிருக்கிறார்கள், கிரீனவேயும் அந்தக் காலத்து நுகர்வு வெறி மீதான கோபத்தை மறுத்ததில்லை. சரியான வாசிப்புதான். ஆனால் அது நமக்கு ரொம்ப வசதியானது. தாட்சர் 1990 நவம்பரில் பதவி விலகினார், கதை முடிந்தது என்று எழுந்து போய்விடலாம். அமெரிக்காவில் படத்துக்கு, ஆபாசப் படங்களோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட எக்ஸ் சான்று கொடுக்கப்பட்டு, அதை வேண்டாமென்று சான்றில்லாமலே வெளியிட்டார்கள். 1990 செப்டம்பரில் புதிய வயது வந்தோர் சான்று ஒன்று பிறக்க இந்தப் படமும் ஒரு காரணம். தணிக்கைக்காரர்களை உலுக்கியது உடம்புகளும் கடைசித் தட்டும். இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்காததற்கு எந்த ஊரிலும் சான்றிதழ் கேட்பதில்லை.

பழிவாங்கும் நாடகங்களில் பழிவாங்கியவரும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மேடை நிறையப் பிணம் விழுந்தபின்தான் கணக்கு தீரும். ஜார்ஜினா சாகவில்லை. ஆல்பர்ட் நடுங்கி, வாந்தி எடுத்து, ஒரு வாய் விழுங்கியதும் அவள் சுடுகிறாள், 'நரமாமிசம் தின்பவனே' என்கிற ஒற்றை வார்த்தையோடு திரை விழுகிறது. கடைசியில் நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு அத்தன நாளு சோறு போட்டாங்களாக்கும்" என்றாள். அவளுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் என் காரணம் வேறு.

பப் என்று ஒரு சிறுவன் இருக்கிறான். சமையலறையில் எடுபிடி வேலை செய்கிறான், என்னைக் கழுவு, என் பாவத்தை நீக்கு என்கிற பைபிள் சங்கீதப் பாடலை மெல்லிய உச்சக் குரலில் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறான். ஒளிந்திருக்கும் காதலர்களுக்குச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிப் போனவன் அவன். வழியில் ஆல்பர்ட் அவனைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறான், புத்தகக் கிடங்கு எங்கே என்று அவன் வைத்திருந்த புத்தகத்திலிருந்து தெரியவருகிறது. கூடையில் இருந்த சாப்பாடு ரிச்சர்டு சமைத்தது. மேசையில் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாத பெரியவர்களின் அந்தச் சின்ன உபகாரத்தைச் சுமந்துபோனது ஒரு குழந்தை, விலையையும் அவனே கொடுத்தான். கடைசி விருந்தில் மைக்கேலுக்காகத் துப்பாக்கி வெடிக்கிறது, ஜார்ஜினாவின் வருடங்களுக்காக வெடிக்கிறது. பப்புக்காக அங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை, அவனை அனுப்பியது யார் என்றும் யாரும் கேட்பதில்லை. கிரீனவே இதைத் தெரிந்தே விட்டாரா, இசையின் வேகத்தில் தவறவிட்டாரா என்று எனக்கும் சினிமா தெரிந்த ஒரு நண்பருக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தேதான் விட்டார் என்பது அவர் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.